மொய் நோட்டும் படிவம் முப்பதும்

1

ஆடி பிறந்துவிட்டால் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், குளமங்கலம் பக்கமெல்லாம் ரோட்டோரம் மொய் விருந்து ஃபிளெக்ஸ்தான். கல்யாணம் கிடையாது, காதுகுத்து கிடையாது. விருந்துதான் விசேஷமே. பலர் சேர்ந்து செலவைப் பங்குபோட்டுக்கொண்டு ஒரே பந்தலில் ஆட்டுக்கறி சமைத்துப் போடுகிறார்கள். பந்தலுக்குள் ஆளுக்கு ஒரு மேசை. மேசைக்கு ஒரு எழுத்தர், ஒரு நோட்டு, பணம் போட ஒரு பாத்திரம். பேர், ஊர், தொகை எழுதியாயிற்றா, அடுத்த ஆள். இப்போது சில இடங்களில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது; ரசீது அச்சடித்துத் தருகிறார்கள்.

முதல் தடவை ஒருவர் வைக்கும் மொய்க்குப் புதுநடை என்று பெயர். வாங்கியவர், கொடுத்தவர் விருந்து வைக்கும்போது அதைத் திருப்பிச் செய்ய வேண்டும், கொஞ்சம் கூட்டியும் வைக்க வேண்டும். யார் எவ்வளவு வைத்தார்கள் என்பது இரண்டு வீட்டு நோட்டிலும் இருக்கும். பத்து வருஷத்துக்கு முந்தைய தொகையைக்கூட அத்தைமார்கள் நோட்டைப் புரட்டாமல் சொல்வார்கள். "உங்க மாமா ரெண்டாயிரம் வச்சாரு, நம்ம இன்னும் திருப்பல" என்பது எங்கள் பக்கத்து வீடுகளில் சாதாரணமாகக் காதில் விழும் வாக்கியம்.

இந்தப் பணத்துக்குப் பத்திரம் இல்லை, தணிக்கையாளர் இல்லை. ஆனாலும் பெரும்பாலும் திரும்பி வருகிறது. காரணம் மர்மம் எதுவும் இல்லை. கொடுப்பவர் கண் முன்னால் கணக்கு எழுதப்படுகிறது. கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் கேட்கிற உரிமை சமம். கேட்பதால் யாருக்கும் வேலை போகாது, குழாயில் தண்ணீர் நிற்காது.

அதே ஜனம் ஆகஸ்ட் 15 அன்று கிராம சபையில் உட்கார்ந்திருக்கும். அங்கேயும் ஒரு கணக்கு வாசிக்கப்பட வேண்டும். அதில் வருவதும் அவர்கள் பணம்தான்: வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், அவர்கள் தலையை எண்ணி அரசு ஒதுக்கும் மானியம். அங்கே மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. கணக்கில் இவ்வளவு கெட்டியான ஜனம் இங்கே ஏன் இப்படி என்று எனக்கு ரொம்ப நாளாகக் கேள்வி. சோம்பல், அறியாமை, "நம்ம ஜனங்க இப்படித்தான்" என்பவை பதில் ஆகாது. பதிலைப் புதுக்கோட்டையின் வரலாற்றில்தான் தேட வேண்டியிருந்தது.

2

பொதுக்கணக்கு என்று பேச்செடுத்தாலே நாம் உத்திரமேரூருக்குப் போய்விடுவோம். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை. குடவோலை முறை. பள்ளிப் பாடத்தில் பானைக்குள் ஓலை போடுவதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். கல்வெட்டில் எனக்குப் பிடித்த இடம் வேறு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி ஓலையில் பெயர் எழுதத் தகுதி இல்லாதவர். அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் தகுதி இழக்கிறார்கள். சித்தி மகன், பெரியம்மா மகன், அத்தை மகன், மாமன் என்று ஒரு நீண்ட உறவுப் பட்டியலே வருகிறது. பினாமி என்ற சொல் வருவதற்கு முன்பே பினாமிக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள்.

ஆனால் அந்தச் சபை பிராமணர்களின் சபை. ஓலையில் பெயர் எழுதக் கால் வேலிக்குமேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருக்க வேண்டும், வேதக் கல்வி வேண்டும். நிலத்தில் இறங்கி உழுதவர்களும் பெண்களும் அந்தப் பானைக்குப் பக்கத்தில்கூட வர முடியாது. கணக்குக் கேட்கும் முறை கூர்மையாக இருந்தது. கேட்கும் ஆள் மிகச் சிலர்.

புதுக்கோட்டைப் பகுதியில் ஊரார், நாட்டார் என்ற கூட்டங்கள் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. கோயிலுக்கு நிலம் விற்கிறார்கள், பாடிகாவல் உரிமையை ஒருவருக்குக் கொடுக்கிறார்கள், வரியை யார் கட்டுவது என்று பேசி முடிக்கிறார்கள். சமஸ்தானமே 1929-ல் இந்தக் கல்வெட்டுகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டது. அவற்றைப் புரட்டினால் ஒன்று புரியும். ஊர்ப் பணம் ஊர் பேசி முடிவெடுக்கிற விஷயம் என்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. ஊர் என்றால் யார் யார் என்பதில்தான் எப்போதும் சண்டை.

3

தொண்டைமான்கள் காலத்துக்கு வருவோம். சுமார் 1,100 சதுர மைல் பரப்புள்ள குட்டி சமஸ்தானம். வானம் பார்த்த பூமி, ஏரியும் கண்மாயும் நம்பி விவசாயம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அரண்மனை கடனில் மூழ்கியது. ராமச்சந்திரத் தொண்டைமானின் செலவு தாங்காமல், 1859-ல் ஆங்கிலேய அரசு அவருடைய மரியாதைப் பட்டத்தைப் பிடுங்கியது. அன்றைக்கு ராஜாவின் செலவைத் தட்டிக் கேட்க முடிந்த ஒரே ஆள் வெள்ளைக்காரன்தான். குடிமக்களுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

1878-ல் அ. சேஷய்யா சாஸ்திரி திவானாக வந்தார். திருவிதாங்கூரில் திவானாக இருந்தவர். இங்கே அவர் கண்டது அமானி முறை. விளைச்சலை அரசும் குடியானவரும் பங்கு போட்டுக்கொள்வது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். நடைமுறையைப் பற்றி சாஸ்திரி எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

கதிர் தலைகாட்டியதும் வயலுக்குக் கங்காணிகள் வந்து இறங்குவார்கள். பயிரைக் களவு போகாமல் பார்ப்பது அவர்கள் வேலை. சம்பளம் கிடையாது, காக்கிற பயிரிலிருந்தே அவர்களுக்குத் தானியம். கேட்கவா வேண்டும், குடியானவரும் கங்காணியும் ஒத்துப்போய்விடுவார்கள். அதனால் விளைச்சலை மதிப்பிட இன்னொரு கூட்டம். அந்த மதிப்பைச் சரிபார்க்க மேலே ஒருவர். அவர்கள் வந்து பார்த்து முடிக்கிறவரை விளைந்த கதிரை அறுக்க முடியாது. மழை வந்தால் போச்சு. அறுத்துக் களஞ்சியத்துக்குப் போன நெல்லும் அங்கே இருந்தபடியே குறையும். கண்காணிக்கிறவனைக் கண்காணிக்க ஒருவன், அவனைக் கண்காணிக்க ஒருவன். ஒவ்வொரு அடுக்கும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும்.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இந்த வியாதி பரிச்சயம். பிழை வந்ததும் ஒப்புதல் தருபவர் ஒருவரைக் கூடுதலாகச் சேர்ப்போம். அடுத்த பிழைக்கு இன்னொருவர். கடைசியில் ஐந்து பேர் ஒப்புதல் தருவார்கள், ஒருவரும் படித்திருக்க மாட்டார்கள்.

சாஸ்திரி அமானியை ஒழித்து, பணமாகக் கட்டும் நிலையான தீர்வையைக் கொண்டுவந்தார். 1888-ல் இனாம் நிலங்களுக்கும் தீர்வு கண்டார். தன் பங்கு எவ்வளவு என்று குடியானவருக்கு முன்கூட்டியே தெரிந்ததும் பாதிக் களவு தானாக நின்றது. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் இது: மேலே இன்னொரு கங்காணியைப் போடுவதைவிட, கணக்கு யாருடையதோ அவருக்கே புரிகிற மாதிரி அதைச் சுருக்குவது மேல். ஆனால் சாஸ்திரி சுருக்கியது வரவுக் கணக்கை மட்டும். கட்டிய பணம் எங்கே போகிறது என்று கேட்கும் உரிமையை அவர் யாருக்கும் தரவில்லை.

4

அந்த உரிமையின் நிழல் 1902-ல் வந்தது. மைசூரில் 1881 முதல் இருந்த பிரதிநிதி சபையைப் பார்த்து, புதுக்கோட்டையிலும் ஒன்று தொடங்கினார்கள். கூடலாம், குறை சொல்லலாம். முடிவு அரண்மனையில். 1924-ல் சட்டசபை வந்தது. கேள்வி கேட்கும் இடம் ஒன்று கிடைத்தது; கஜானா சாவி கிடைக்கவில்லை.

இந்தக் காலத்து ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். 1915-ல் ஆஸ்திரேலியாவில் மாலி ஃபிங்கைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்த ராணியை ஆங்கிலேய அரசு அங்கீகரிக்கவில்லை. ஊரை விட்டு வெளிநாட்டில் வாழத் தொடங்கினார். கடைசியில் ஓர் ஈட்டுத் தொகைக்கு ஒப்புக்கொண்டு ஆட்சிப் பொறுப்பிலிருந்து விலகினார். 1928-ல் பாரிஸில் காலமானார். இந்தக் காதலைப் பற்றி எழுதியவர்கள் நிறைய. நான் யோசிப்பது அந்த ஈட்டுத் தொகையைப் பற்றி. அது புதுக்கோட்டையின் கண்மாய்ப் பாசனத்தில் நெல் விளைவித்தவர்களின் தீர்வைப் பணம். பேரம் பேசியவர்கள் ராஜாவும் ஆங்கிலேய அரசும்.

மூன்று வருஷம் கழித்து, 1931-ல், புதுக்கோட்டை நகரில் வரிகளை எதிர்த்து எழுந்த கிளர்ச்சி கலவரமாக முடிந்தது. கேட்க இடமில்லாத ஊரில் கணக்குக் கேட்பது இப்படித்தான் நடக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. 1887-ல் திருமயத்தில் பிறந்த எஸ். சத்தியமூர்த்தி, 1934 தேர்தலில் ஜெயித்து டெல்லி மத்திய சட்டசபைக்குப் போய், கேள்விகளாலேயே வெள்ளைக்கார அரசைத் திணறடித்துப் பேர் வாங்கினார். அவர் பிறந்த திருமயமோ ராஜாவின் சமஸ்தானத்தில் இருந்தது. அந்த ஊர்க்காரர் டெல்லியில் கேட்க முடிந்த கேள்வியைத் திருமயத்துக் குடியானவர் புதுக்கோட்டையில் கேட்க முடியாது.

1948 மார்ச் 3 அன்று சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு சேர்ந்து திருச்சி மாவட்டத்தில் அடங்கியது. 1974 ஜனவரி 14 அன்று தனி மாவட்டமானது. தொண்டைமானின் அரண்மனைதான் இன்றைய கலெக்டர் ஆபீஸ். திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஜனங்கள் மனுவோடு ஏறுவது ராஜாவின் படிக்கட்டில்தான். மனு என்ற வடிவமும் அந்தக் காலத்திலிருந்து வந்ததே. "ஐயா சமூகம்" என்று தொடங்கி, உதவி கேட்டு, கும்பிட்டு முடிக்கிற காகிதம். கணக்குக் கேட்பவன் கும்பிட்டுக் கேட்க முடியாது.

5

ராஜா போனார், ஊர்க்கணக்கு யாரிடம் இருந்தது? கணக்குப்பிள்ளையிடம். கர்ணம் என்றும் சொல்வார்கள். நிலம், தீர்வை, விளைச்சல் எல்லாம் அவர் எழுத்தில். வேலை பெரும்பாலும் அப்பன் பிறகு மகன் என்று ஒரே குடும்பத்தில் போகும். நோட்டு அவர் வீட்டுப் பெட்டியில் இருக்கும். உன் நிலத்தைப் பற்றி உன்னைவிட அவருக்கு அதிகம் தெரியும். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் இந்தப் பதவிகளை ஒழித்தது. அந்த இடத்துக்குக் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். பெட்டி திறந்தது. ஆனால் திறந்த பெட்டியில் இருப்பதைப் படிக்கத் தெரிய வேண்டுமே?

1991-ல் அறிவொளி இயக்கம் இங்கே வந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். ஊர் ஊராகத் தொண்டர்கள், வேலை முடித்து வந்த பெண்களுக்கு ராத்திரி வகுப்பு. அதோடு சைக்கிள். பெண்கள் பல்லாயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி, உலகமே படித்தது. அதே காலத்தில் நடந்த இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படவில்லை. கல்குவாரிகளில் கூலிக்குக் கல் உடைத்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து அரசிடமிருந்து குவாரியைத் தாங்களே குத்தகைக்கு எடுத்தார்கள். எத்தனை லோடு போனது, லோடுக்கு என்ன விலை, கான்ட்ராக்டர் இவ்வளவு நாள் என்ன கொடுத்தார் என்பதெல்லாம் அவர்கள் கைக்கு வந்தது. எழுத்துக் கற்ற கையோடு கணக்கும் கற்றார்கள்.

அறிவொளியைக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்த இயக்கம் என்று சுருக்கிவிடுகிறோம். போடுவதற்கு முன் அந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கக் கற்றுக்கொடுத்ததுதான் அதன் பெரிய காரியம்.

ராஜஸ்தானில் 1994 டிசம்பரில், கோட் கிரானா என்ற ஊரில், மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. செய்ததெல்லாம் ஒன்றுதான். பஞ்சாயத்துச் செலவுக் கணக்கையும் கூலிப் பட்டியலையும் ஊர் நடுவில் சத்தமாகப் படித்தார்கள். செத்தவர் பேரில் கூலி, கட்டாத கட்டடத்துக்குப் பில், எல்லாம் வெளியே வந்தது. அங்கிருந்து கிளம்பிய போராட்டம் 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வந்து நின்றது. தமிழ்நாடு 1997-லேயே இப்படி ஒரு சட்டம் போட்டது, நாட்டிலேயே முதலாவதாக. விதிவிலக்குகள் அதிகம், பயன் குறைவு. நம்முடையது கோட்டையிலிருந்து இறங்கி வந்த சட்டம், அவர்களுடையது ஊர் நடுவிலிருந்து ஏறிப்போன சட்டம் என்பதே எனக்குத் தெரிகிற வித்தியாசம்.

6

இப்போது படிவம் 30. ஊராட்சியின் வரவு செலவு அறிக்கை அது. கிராம சபையில் மக்கள் முன் வைக்கப்பட வேண்டியது. 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சியின் பட்ஜெட்டும் தணிக்கை அறிக்கையும் கிராம சபையின் ஒப்புதலுக்கு வர வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று இருந்த நான்கு கூட்டங்களோடு 2022-ல் மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்ந்தன. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும்.

பெரிய ஊழலைத் தேடி அந்தப் படிவத்தைப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். தெருவிளக்கு, மோட்டார் ரிப்பேர், பைப்லைன் பழுது, பிளீச்சிங் பவுடர், தொட்டி ஆபரேட்டர் சம்பளம். அதன் அழகே அதுதான். இந்த ஒவ்வொரு வரியையும் சரிபார்க்க ஊரில் உள்ள எல்லோருக்கும் தகுதி உண்டு. மோட்டார் எத்தனை நாள் ஓடவில்லை என்பது தணிக்கையாளருக்குத் தெரியாது. குடத்தோடு நின்ற அக்காவுக்குத் தெரியும்.

நான் போன ஒரு கிராம சபையில் வருகைக் கையெழுத்தை முதலில் வாங்கிவிட்டார்கள். நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களை அப்படியே அழைத்து வந்து உட்காரவைத்திருந்தார்கள். தீர்மானங்கள் வேகமாக ஓடின. வரவு செலவு என்று வந்ததும் மொத்தத் தொகையை மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போனார்கள். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா, "எங்க தெருவுல நாலு லைட்டுதான் தம்பி, எத்தனைன்னு எழுதியிருக்கு?" என்றார். "கணக்கெல்லாம் ஆபீஸ்ல இருக்கும்மா" என்று பதில். அவர் விடவில்லை. "நோட்டு ஆபீஸ்ல இருந்தா கூட்டம் எதுக்கு இங்க?"

கூட்டம் சிரித்தது. நோட்டு வந்தது. அவர் தெருவுக்கு எழுதியிருந்ததும் நாலுதான். கணக்கு சரியாகவே இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு இன்னும் மூன்று பேர் எழுந்து தங்கள் தெருவைப் பற்றிக் கேட்டார்கள். கணக்குக் கேட்பதற்கும் குற்றம் சாட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் அங்கேதான் பார்த்தேன். மொய் நோட்டைத் திறந்து பார்ப்பது யாரையும் திருடன் என்று சொல்வதாகாது. ஊராட்சி நோட்டைத் திறக்கச் சொன்னால் மட்டும் ஏன் அப்படி ஆகிறது?

அந்த அம்மாவால் கேட்க முடிந்தது என்பதற்காக எல்லோராலும் கேட்க முடியும் என்று எழுதிவிட எனக்குத் தைரியம் இல்லை. 2022 டிசம்பரில் இதே மாவட்டத்தில், வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலந்திருந்தது தெரியவந்தது. ஊராட்சிப் பதிவேட்டில் அந்தத் தொட்டி ஒரு வரி. அந்த ஒரு வரியைச் சுற்றி எத்தனை நூற்றாண்டு வெறுப்பு இருக்கிறது என்பது எந்தப் படிவத்திலும் வராது. கணக்குக் கேட்டால் மறுநாள் வேலையும் தண்ணீரும் பாதையும் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டியவர்களுக்கு கிராம சபை சமதளம் அல்ல. மொய்ப் பந்தலில் கேட்கும் உரிமை சமம் என்று முதலில் சொன்னேன். அந்தப் பந்தலிலும் யார் யாருக்கு மேசை இருக்கிறது என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

7

இப்போதைய நிலை என்ன? தமிழ்நாட்டின் ஊராட்சி வரலாறே இடைவெளிகளால் ஆனது. 1970-க்குப் பிறகு 1986-ல் தேர்தல். அதற்கடுத்தது 1996-ல். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது, 2019 டிசம்பரில்தான் மறுபடி ஓட்டுப் போட்டோம். 2025 ஜனவரியில் அவர்கள் காலமும் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். 2019 தேர்தலின்போது புதுக்கோட்டை மாவட்டத்தில் 497 கிராம ஊராட்சிகள், 13 ஒன்றியங்கள். வகுத்துப் பாருங்கள், ஓர் ஒன்றியத்துக்கு 38 ஊராட்சி. தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் செக் செல்லும் என்று சட்டம் போட்டதே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளத்தான். தனி அலுவலர் வந்தால் அந்த இரண்டு கையெழுத்தும் இல்லை, அந்தக் கையெழுத்துக்காரர்களைத் தெருவில் நிறுத்திக் கேட்கும் வாய்ப்பும் இல்லை.

2024-ல் புதுக்கோட்டை மாநகராட்சி ஆனபோது பக்கத்து ஊராட்சிகளைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு வந்தது. நூறு நாள் வேலை போய்விடும் என்பது முதல் பயம். கிராம சபையும் சேர்ந்தே போகிறது என்பதைப் பற்றி அவ்வளவு பேச்சு இல்லை.

தலைவர் இல்லாத காலத்திலும் கிராம சபைக்குப் பதவிக்காலம் கிடையாது. அதன் உறுப்பினர்கள் வாக்காளர் பட்டியலில் உள்ள எல்லோரும். அதை யாரும் கலைக்க முடியாது. கூட்டாமல் வேண்டுமானால் இருக்கலாம். 2020 அக்டோபர் 2 கூட்டங்களைக் கொரோனாவைக் காரணம் சொல்லிக் கடைசி நேரத்தில் ரத்து செய்தபோது அவ்வளவு சத்தம் எழுந்ததும் அதனால்தான்.

வேலைக்காக வெளியூரில் இருக்கும் என் வயதுக்காரர்கள், எல்லாக் கணக்கையும் இணையத்தில் ஏற்றிவிட்டால் போதும் என்று நம்புகிறோம். ஏற்றியும் ஆயிற்று. நிதிக்குழு மானியச் செலவும் நூறு நாள் வேலையின் வருகைப் பட்டியலும் இணையத்தில் கிடைக்கின்றன. பெங்களூரில் உட்கார்ந்து என் ஊராட்சியின் செலவைப் பார்க்கிறேன். நாலு தெருவிளக்கு என்று இருக்கிறது. அது நாலா மூணா என்று எனக்குத் தெரியாது. அந்த அம்மாவுக்குத் தெரியும். நான் இறக்கி எடுத்த பட்டியல் அச்சாகி அவர் கைக்குப் போனால்தான் அதற்குப் பேர் கணக்கு. எங்கள் ஊர் வாட்ஸப் குழுவில் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு வாரம் முன்பு ஒரே ஒரு பக்கம், பெரிய எழுத்தில், தெரு வாரியாக. போன தடவை பதினோரு கேள்வி வந்தது. அதில் ஒன்பதுக்குப் பதில் இருந்தது. மீதி இரண்டும் தீர்மானப் பதிவேட்டில் எழுத்தில் நிற்கின்றன. அடுத்த கூட்டத்தில் முதலில் அவற்றைத்தான் வாசிக்க வேண்டும்.